எச்டிஎம்ஐ இல்லாத ரிசீவரில் 5.1 சத்தம்

மாமா 2004-இல் சிங்கப்பூர் சிம் லிம் ஸ்கொயரில் வாங்கி வந்த 5.1 ரிசீவர் (ஐந்து ஸ்பீக்கருக்கும் ஒரு சப்வூஃபருக்கும் சத்தத்தைப் பிரித்துக் கொடுக்கும் ஆம்ப்ளிஃபையர்) ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. பத்து கிலோ கனம். டிவிடி காலத்துச் சாமான். டிவிடி பார்ப்பது நின்றதும் அதுவும் பரணுக்குப் போய்விட்டது. போன தீபாவளிக்கு 55 இன்ச் 4கே டிவி வாங்கினோம். படம் அருமை, சத்தம்தான் சவசவ. டிவியின் ஸ்பீக்கர்கள் சுவரைப் பார்த்துப் பேசுகின்றன. கடையில் சவுண்ட்பார் 22,000 ரூபாய் என்றார்கள். ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும் பரணில் சும்மா கிடக்கும்போது எதற்கு அந்தச் செலவு என்று ரிசீவரைக் கீழே இறக்கினேன்.

இப்போது படம் ஓடும்போது ரிசீவரின் முகப்பில் டால்பி டிஜிட்டல் (5.1 சத்தத்தைச் சுருக்கி அனுப்பும் ஒரு முறை) விளக்கு எரிகிறது. பின் ஸ்பீக்கரில் மழை, நடு ஸ்பீக்கரில் வசனம் என்று பிரிந்து வருகிறது. நடுவில் வாங்கியவற்றில் சில இழுப்பறையில் கிடக்கின்றன. எது வேலை செய்தது, எது செய்யவில்லை, எவ்வளவு ஆனது என்று வரிசையாக எழுதி வைக்கிறேன்.

பின்பக்கத்தில் என்ன இருக்கிறது

ரிசீவரின் பின்பக்கத்தை போனில் படம் எடுத்துக்கொண்டேன். அலமாரிக்குப் பின்னால் டார்ச்சோடு குனிந்து பார்ப்பதைவிட இது சுலபம். டிஜிட்டல் சத்தத்தை வெளிச்சமாக வாங்கும் ஆப்டிகல் உள்ளீடு இரண்டு, அதையே கம்பியில் வாங்கும் கோஆக்ஸியல் ஒன்று, ஆறு ஆர்சிஏ (மஞ்சள், வெள்ளை, சிவப்பு பிளக் சொருகும் வகை) ஓட்டைகள் உள்ள '6 சேனல் இன்புட்', பழைய அனலாக் படத்துக்கான காம்போனென்ட் வீடியோ, எஸ்-வீடியோ, அப்புறம் மஞ்சள் வீடியோ ஓட்டைகள் ஒரு வரிசை. டால்பி டிஜிட்டல், டிடிஎஸ், புரோ லாஜிக் 2 என்ற சத்த முறைகள் மூன்றும் அதற்குத் தெரியும். பிற்பாடு வந்த டால்பி டிஜிட்டல் பிளஸ் தெரியாது. எச்டிஎம்ஐ கிடையாது. எச்டிஎம்ஐயின் முதல் பதிப்பே 2002 டிசம்பரில்தான் வெளியானது, நடுத்தர விலை ரிசீவர்களுக்கு அது வந்து சேரச் சில வருஷம் ஆனது.

டிவியில் எச்டிஎம்ஐ மூன்று, அதில் ஒன்று ஏஆர்சி (டிவியின் சத்தத்தை அதே கேபிளில் வெளியே அனுப்பும் வகை). ஆப்டிகல் அவுட் ஒன்று. 3.5 மில்லிமீட்டர் ஏவி ஓட்டை ஒன்று. காம்போனென்ட் இல்லை. இவற்றோடு சேர வேண்டியவை நெட்டில் படம் பார்க்க எச்டிஎம்ஐயில் சொருகும் ஸ்ட்ரீமிங் ஸ்டிக், எச்டி செட்டாப் பாக்ஸ், அக்கா கல்யாண கேசட்டுக்காக வைத்திருக்கும் விசிஆர்.

முதலில் எல்லாவற்றையும் ரிசீவருக்குள் விட்டு, அங்கிருந்து ஒரே கேபிளில் டிவிக்குக் கொண்டுபோகலாமா என்று யோசித்தேன். அந்தக் காலத்தில் அப்படித்தான் செய்வோம். இப்போது வழியில்லை. எச்டிஎம்ஐயில் வரும் படத்தைக் காம்போனென்டாக மாற்றி ரிசீவருக்குக் கொடுத்து, மறுபடி எச்டிஎம்ஐயாக மாற்றி டிவிக்குக் கொடுக்க வேண்டும். காப்புப் பூட்டு உள்ள படங்கள் அந்த வழியில் போகாது. ப்ளூரே பிளேயர்களிலேயே 2010 கடைசிக்குப் பிறகு தயாரானவற்றில் அனலாக் வீடியோ சாதாரண டிவிடி தரத்துக்கு இறக்கப்பட்டது, 2013 கடைசிக்குப் பிறகு தயாரானவற்றில் அதுவும் நின்றுபோனது. எனவே படம் நேராக டிவிக்கு, சத்தம் மட்டும் ரிசீவருக்கு என்று பிரித்துவிட்டேன். அப்படிப் பிரித்ததும் பாதி சிக்கல் காணாமல் போனது. மீதி எல்லாம் சத்தத்தை எந்த இடத்தில் கிளை பிரிப்பது என்பதுதான்.

கரண்ட்

பரணில் பல வருஷம் கிடந்த பெட்டியை நேராக பிளக்கில் சொருகவில்லை. 100 வாட் குண்டு பல்பு மாட்டிய சீரிஸ் போர்டு வழியாகக் கொடுத்தேன். அதில் கரண்ட் பல்பைத் தாண்டித்தான் பெட்டிக்குப் போகும். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று முழுசாக எரிந்தபடியே நிற்கும். எனக்கு ஒரு முறை மின்னிவிட்டு மங்கியது, சில நொடியில் ரிலே 'டக்' என்றது. நல்லது. அப்புறம்தான் நேரடிக் கரண்ட்.

சிங்கப்பூர்க்காரர்களின் சதுரக்கால் பிளக்கை வெட்டிவிட்டு நம்ம ஊர் பிளக் மாட்டினேன். அந்த பிளக்குக்குள் ஒரு ஃப்யூஸ் இருந்தது, அதற்குப் பதில் ஃப்யூஸ் உள்ள ஸ்பைக் பஸ்டரில் சொருகினேன். சிங்கப்பூர் கரண்டும் 230 வோல்ட் என்பதால் வேறு எதுவும் தேவைப்படவில்லை. ஜப்பானிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ வந்த ரிசீவராக இருந்தால் பின்னால் 100 அல்லது 120 வோல்ட் என்று போட்டிருக்கும், ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் தொடவே வேண்டாம்.

வால்யூம் திருகும்போது கரகரத்தது. கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே வாங்கி, மூடியைக் கழற்றி, வால்யூம் கன்ட்ரோலின் பக்கவாட்டு இடுக்கில் கொஞ்சம் அடித்து, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பல முறை திருகியதும் போய்விட்டது. பிளக்கைப் பிடுங்கி அரை மணி நேரம் கழித்துத்தான் மூடியைத் திறந்தேன். உள்ளே இருக்கும் பெரிய கப்பாசிட்டர்களில் கரண்ட் தேங்கி நிற்கும்.

கேபிள் சொருகுவதற்கு முன்னால் இன்னொன்றும் பார்த்தேன். டிவியின் எச்டிஎம்ஐ ஓட்டையின் உலோக விளிம்பில் டெஸ்டரை வைத்தால் மங்கலாக எரிகிறது. மல்டிமீட்டரில் அந்த விளிம்புக்கும் பிளக் பாயிண்டின் எர்த்துக்கும் நடுவில் 96 வோல்ட் காட்டியது. டிவிக்கு இரண்டு கால் பிளக். உள்ளே கரண்டை மாற்றிக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸில் இருக்கும் சின்னக் கப்பாசிட்டர் வழியாகக் கசிவதுதான் இது. ஆளைத் தூக்கியடிக்கும் அளவுக்கு ஆம்பியர் கிடையாது, முழங்கையில் பட்டால் சுருக்கென்று இருக்கும், அவ்வளவுதான். ஆனால் எல்லாம் ஆனில் இருக்கும்போது எச்டிஎம்ஐ கேபிளைச் சொருகினால் அந்தக் கசிவு சிக்னல் கால் வழியாகப் பாயலாம், உள்ளே இருக்கும் சிப் கெட அதுவே போதும். அதனால் எல்லா பிளக்கையும் பிடுங்கி, டிஷ் கேபிளையும் கழற்றி, எல்லா இணைப்பும் கொடுத்து முடித்த பிறகே ஆன் செய்வது என்று வைத்துக்கொண்டேன். வீட்டு எர்த்தையும் பார்த்துக்கொண்டேன். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் 2 வோல்ட். போதும்.

டிவியின் ஆப்டிகல் அவுட்

எல்லாரும் முதலில் சொல்வது இதுதான்: டிவியின் ஆப்டிகல் அவுட்டிலிருந்து ரிசீவரின் ஆப்டிகல் இன்னுக்கு ஒரு கேபிள். 5 மீட்டர் ஆப்டிகல் கேபிள் ரிச்சி ஸ்ட்ரீட்டில் 280 ரூபாய். சொருகினேன், சத்தம் வரவில்லை.

கேபிளின் முனையில் கண்ணாடி மாதிரி ஒரு குட்டி பிளாஸ்டிக் மூடி இருக்கும். அதோடேயே ஓட்டைக்குள் பாதி வரை போய் நின்றுகொள்ளும். பிளக்கே அப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது என்று நினைக்கத் தோன்றும். நகத்தால் இழுத்தால் வந்துவிடும். மூடியைக் கழற்றி ஒரு முனையை டிவியில் சொருகி, மறு முனையை உள்ளங்கையில் காட்டினால் சிவப்புப் புள்ளி விழ வேண்டும். விழுந்தால் டிவியும் கேபிளும் சரி. அந்தப் புள்ளியைப் பார்க்காமல் மெனுவுக்குள் போய் நேரத்தை வீணாக்க வேண்டாம்.

சத்தம் வந்தது, ஆனால் ரிசீவரில் 'பிசிஎம்' (சுருக்காத டிஜிட்டல் சத்தம்) என்று காட்டியது. வெறும் ஸ்டீரியோ. டிவி மெனுவில் டிஜிட்டல் சவுண்ட் அவுட் என்ற இடத்தில் பிசிஎம், ஆட்டோ, பாஸ் த்ரூ என்று மூன்று இருக்கிறது. ஆட்டோ வைத்ததும் டிவிக்குள்ளேயே இருக்கும் ஆப்பில் ஓடிய படத்துக்கு டால்பி டிஜிட்டல் விளக்கு எரிந்தது. டிவியே டால்பி டிஜிட்டல் பிளஸ்ஸைப் பழைய டால்பி டிஜிட்டலாக மாற்றி அனுப்பிவிடுகிறது. டிவியின் ஆப்களையே பயன்படுத்துகிறவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். 280 ரூபாயோடு வேலை முடிந்தது.

எனக்கு முடியவில்லை. டிவியின் ஆப்கள் ஆமை வேகம், அதற்காகத்தான் ஸ்டிக் வைத்திருக்கிறோம். ஸ்டிக்கில் ஓட்டினால் எந்த அமைப்பு வைத்தாலும் பிசிஎம்தான். டிவி தன்னுடைய எச்டிஎம்ஐ ஓட்டையில் வந்து கேட்கும் பெட்டிகளிடம் 'எனக்கு ஸ்டீரியோ மட்டும்தான் தெரியும்' என்று சொல்லிவிடுகிறது. அது அதன் இரண்டு ஸ்பீக்கரை மனதில் வைத்துச் சொல்வது. பின்னால் ரிசீவர் காத்திருப்பது ஸ்டிக்குக்கு எப்படித் தெரியும்? கேட்கிற இடத்தில் என்ன பதில் வருகிறதோ அதற்கேற்றபடிதான் அது சத்தத்தை அனுப்பும். இந்தப் பதிலுக்கு இடிஐடி என்று பெயர். பிற்பாடு வந்த ஒவ்வொரு சிக்கலும் இந்த இடிஐடியில்தான் வந்து நின்றது. கேபிளில் எந்தக் குறையும் இல்லை.

ஏஆர்சிக்கும் இதே கதைதான் என்பதால் அந்தப் பக்கம் போகவில்லை. ஏஆர்சியை ஆப்டிகலாக மாற்றும் பெட்டி கிடைக்கிறது. ஆப்டிகல் அவுட் ஏற்கெனவே இருக்கும் டிவிக்கு, என் மாதிரி ரிசீவர் வைத்திருப்பவர்களுக்கு, அதனால் கிடைப்பது ஒன்றும் பெரிதாக இல்லை.

ஆடியோ எக்ஸ்ட்ராக்டர்

ஸ்டிக்குக்கும் டிவிக்கும் நடுவில் உட்கார்ந்து, படத்தை டிவிக்கு விட்டுவிட்டு சத்தத்தை ஆப்டிகலில் பிரித்துக் கொடுக்கும் பெட்டிக்கு எச்டிஎம்ஐ ஆடியோ எக்ஸ்ட்ராக்டர் என்று பெயர். கடையில் கேட்கும்போது இந்தப் பெயரை முழுசாகச் சொல்ல வேண்டும். 'எச்டிஎம்ஐலருந்து ஆடியோ எடுக்கிற பாக்ஸ் அண்ணே' என்று கேட்டதற்கு முதலில் கைக்கு வந்தது எச்டிஎம்ஐயை மஞ்சள், வெள்ளை, சிவப்பாக மாற்றும் கன்வெர்ட்டர். அதற்குப் பக்கத்திலேயே அதற்கு நேர் எதிர்த்திசையில் மாற்றும் பெட்டியும் இருந்தது. அளவும் நிறமும் ஒன்று, மேலே அச்சிட்ட எழுத்தில் மட்டும் முன்னும் பின்னும் மாறியிருக்கிறது. திசை தப்பி வாங்கினால் ஒன்றுமே வராது. இன்னொன்று, ஒரு முனையில் எச்டிஎம்ஐ, மறு முனையில் மூன்று ஆர்சிஏ, நடுவில் பெட்டி எதுவும் கிடையாது என்று 150 ரூபாய்க்கு ஒரு கேபிள் தொங்குகிறது. எச்டிஎம்ஐயில் போவது டிஜிட்டல், ஆர்சிஏவில் வேண்டியது அனலாக். நடுவில் மாற்றுகிற சர்க்யூட் இல்லாத வெறும் கம்பியால் எந்த டிவிக்கும் பிரயோஜனம் இல்லை.

முதலில் வாங்கிய எக்ஸ்ட்ராக்டர் 900 ரூபாய். சத்தம் வந்தது, ஆனால் ஸ்டிக்கின் மெனுவில் 4கே என்ற வரியே மறைந்து 1080-இல் நின்றது. ஓர் ஆப்பில் படமே கறுப்பு. பெட்டியின் அடியில் பார்த்தால் எச்டிசிபி 1.4 என்று போட்டிருக்கிறது. எச்டிசிபி என்பது எச்டிஎம்ஐயில் போகும் படத்தின் காப்புப் பூட்டு. 4கே படத்துக்கு வழி நெடுக எச்டிசிபி 2.2 வேண்டும், நடுவில் ஒரே ஒரு பழைய பெட்டி இருந்தாலும் ஸ்டிக் தரத்தை இறக்கிவிடும் அல்லது தரவே மாட்டேன் என்று சொல்லும். அந்தப் பெட்டி இப்போது இழுப்பறையில்.

இரண்டாவது 2,300 ரூபாய். 4கே 60 ஹெர்ட்ஸ், 18 ஜிபிபிஎஸ், எச்டிசிபி 2.2 என்று மூன்றும் அட்டையில் இருக்கிறதா என்று பார்த்து வாங்கினேன். ஆப்டிகல், கோஆக்ஸியல், ஹெட்ஃபோன் அளவில் ஒரு அனலாக் ஓட்டை. பக்கவாட்டில் நகத்தால் தள்ளுகிற ஒரு குட்டி சுவிட்ச், அதில் மூன்று நிலை: 'பாஸ்', '2சிஎச்', '5.1சிஎச்'. 900 ரூபாய்ப் பெட்டிக்கும் இதற்கும் உள்ள விலை வித்தியாசத்தில் பாதி இந்த சுவிட்சுக்குத்தான் என்பேன்.

'பாஸ்' நிலையில் பெட்டி டிவியின் பதிலை அப்படியே ஸ்டிக்கிடம் நீட்டுகிறது. அதாவது பழையபடி ஸ்டீரியோ. '5.1சிஎச்' நிலையில் டிவியை ஓரங்கட்டிவிட்டு, 'இந்தப் பக்கம் டால்பி டிஜிட்டல் புரிகிற ஆள் இருக்கிறார்' என்று பெட்டியே பதில் சொல்கிறது. எனக்கு வேண்டியது அதுதான். சுவிட்சைத் தள்ளினேன், ஒன்றும் மாறவில்லை. ஸ்டிக் அந்தக் கேள்வியை ஆரம்பத்தில் ஒரு தடவைதான் கேட்கும். எக்ஸ்ட்ராக்டர், ஸ்டிக் இரண்டின் கரண்டையும் எடுத்து, பத்து நொடி விட்டு, முதலில் டிவி, அப்புறம் எக்ஸ்ட்ராக்டர், கடைசியில் ஸ்டிக் என்று ஆன் செய்ததும் டால்பி டிஜிட்டல் விளக்கு எரிந்தது. ஒவ்வொரு ஸ்பீக்கரையும் பெயர் சொல்லிக் கூப்பிடும் 5.1 சோதனைக் கோப்பை ஓட்டிப் பார்த்தேன். பின் இடமும் பின் வலமும் மாறி வந்தன. அது நான் ஸ்பீக்கர் ஒயரை மாற்றி முறுக்கியது, இரண்டு நிமிஷ வேலை.

ஓர் ஆப்பில் மட்டும் படம் ஓடுகிறது, சத்தம் மௌனம். ஸ்டிக்கின் சத்த அமைப்பு ஆட்டோவில் இருந்தது. அதை மேனுவலுக்கு மாற்றி, டால்பி டிஜிட்டலை விட்டுவிட்டு டால்பி டிஜிட்டல் பிளஸ்ஸை எடுத்துவிட்டேன். சரியானது. பிளஸ் வகைச் சத்தம் ரிசீவருக்குப் புரியாது, ஆப்டிகலிலும் வந்து சேராது, அதனால் இரைச்சல்கூட இல்லாமல் வெறும் அமைதிதான் கிடைக்கும். சத்தமே இல்லை என்றால் பெட்டி கெட்டுவிட்டது என்று முடிவுகட்டுவதற்கு முன்னால் இந்த மெனுவைப் பாருங்கள். '5.1 பிசிஎம்' என்று மாற்றிப் பார்க்கலாமே என்று தோன்றும். ஆப்டிகலில் பிசிஎம் என்றால் இரண்டு சேனல்தான் போகும், 5.1 சேனல் வேண்டுமென்றால் டால்பி டிஜிட்டலாகவோ டிடிஎஸ்ஸாகவோ சுருக்கித்தான் அனுப்ப வேண்டும்.

ஒன்றை விட்டுக்கொடுத்தேன். பெட்டி தன் சொந்தப் பதிலைச் சொல்வதால் டிவிக்குத் தெரிந்த எல்லாமும் ஸ்டிக்குக்குத் தெரிவதில்லை. படத்தின் நிறத்தையும் வெளிச்சத்தையும் கூட்டிக் காட்டும் முறைகளில் எச்டிஆர் 10 வருகிறது, டால்பி விஷன் போய்விட்டது. 55 இன்ச்சில் என் கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை. தெரிகிறவர்கள் யோசித்துச் செய்யுங்கள்.

உறுமல்

டிவியின் ஆப்டிகலையும் விடாமல் வைத்துக்கொள்ள ஆசை. ரிசீவரில் ஆப்டிகல் இரண்டுதான். ஒன்றில் டிவி, இன்னொன்றில் செட்டாப் பாக்ஸின் ஆப்டிகல். அதனால் எக்ஸ்ட்ராக்டரைக் கோஆக்ஸியலில் கொடுத்தேன். அதற்குத் தனி கேபிள் வாங்கத் தேவையில்லை, பழைய மஞ்சள் வீடியோ கேபிள் போதும். இரண்டுமே 75 ஓம். சத்தம் சுத்தமாக வந்தது, ஆனால் சப்வூஃபர் அடியில் 'ம்ம்ம்' என்று உறும ஆரம்பித்தது. படத்தை நிறுத்தினாலும் நிற்கவில்லை. டிஷ் கேபிளைச் செட்டாப் பாக்ஸிலிருந்து கழற்றினால் நின்றது. டிஷ், செட்டாப் பாக்ஸ், டிவி, எக்ஸ்ட்ராக்டர், ரிசீவர், சப்வூஃபர் என்று உலோகத்தோடு உலோகம் தொட்டு ஒரு வட்டம் சேர்ந்துவிட்டது, அதில் 50 ஹெர்ட்ஸ் சுற்றுகிறது. ஆப்டிகலில் போவது வெளிச்சம் என்பதால் அங்கே வட்டம் அறுந்துவிடும். எக்ஸ்ட்ராக்டரை ஆப்டிகலுக்கு மாற்றி, டிவியின் ஆப்டிகலைப் பிடுங்கிவிட்டேன். உறுமல் போனது. டிவி ஆப்களைத்தான் யாரும் பார்ப்பதில்லையே.

செட்டாப் பாக்ஸில் ஆடியோ அமைப்பை டால்பிக்கு மாற்றினால் 5.1-இல் ஒளிபரப்பும் சேனல்களுக்கு மட்டும் விளக்கு எரிகிறது. மற்றவற்றுக்கு ரிசீவரின் புரோ லாஜிக் 2 ஸ்டீரியோவிலிருந்தே பின் ஸ்பீக்கருக்கும் கொஞ்சம் பிரித்துக் கொடுக்கிறது. கச்சேரிக்கு அது நன்றாகவே இருக்கிறது, செய்திக்குத் தேவையில்லை.

அம்மா இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏன்டா, நியூஸ் பாக்க எனக்கு மூணு ரிமோட்டா?" நியாயமான கேள்வி. பழைய ரிசீவருக்கு டிவியோடு பேசத் தெரியாது, தானாக ஆன் ஆகாது. அதனால் செட்டாப் பாக்ஸின் எச்டிஎம்ஐயை நேராக டிவிக்கே விட்டு, டிவி ஸ்பீக்கரையும் மூடாமல் வைத்தேன். செய்திக்கும் சீரியலுக்கும் டிவி ரிமோட் போதும். படம் பார்க்கும்போது மட்டும் டிவியை மியூட் செய்துவிட்டு ரிசீவரைப் போடுகிறோம்.

உதடும் சத்தமும்

டிவிக்குப் போவதற்கு முன்பே சத்தம் பிரிந்துவிடுகிறது. டிவியோ படத்தை மெருகேற்றிவிட்டுத் தாமதமாகக் காட்டுகிறது. விளைவு, சத்தம் முன்னால் ஓடுகிறது. செய்தி வாசிப்பவரின் முகத்தை அருகில் காட்டும்போது ப, ம வரும் இடங்களைப் பார்த்தால் போதும். உதடு ஒட்டுவதற்கு முன்னால் காதில் விழுந்துவிடுகிறது. டிவியில் அசைவை வழவழப்பாக்கும் அமைப்பை அணைத்ததும் பாதி சரியானது. மீதிக்கு ரிசீவரின் மெனுவில் ஆடியோ டிலே என்று ஒன்று இருந்தது. பத்துப் பத்தாக ஏற்றி 80 மில்லி செகண்டில் உதடும் சத்தமும் சேர்ந்தன. ரிசீவரில் இந்த மெனு இல்லாதவர்கள் டிவியை கேம் மோடில் வைத்துப் பார்க்கலாம். தாமதம் வெகுவாகக் குறையும், படத்தின் மெருகும் கொஞ்சம் குறையும்.

ஸ்பீக்கர் தூரத்தை டேப் வைத்து அளந்து மெனுவில் போட்டேன். நடு ஸ்பீக்கர் 2.7 மீட்டர், பின் இடது 1.4, பின் வலது 1.9. வசனம் தெளிவாக வேண்டும் என்று நடு ஸ்பீக்கரை மட்டும் 2 டெசிபல் ஏற்றியிருக்கிறேன்.

விசிஆர்

இதைச் சுலபம் என்று நினைத்துக் கடைசிக்கு வைத்தேன். டிவியின் ஏவி ஓட்டைக்கு ஒரு முனை 3.5 மில்லிமீட்டர், மறு முனை மூன்று ஆர்சிஏ உள்ள கேபிள் வேண்டும். டிவியோடு வரவில்லை. வீட்டில் பழைய கேம்கார்டர் கேபிள் ஒன்று அப்படியே இருந்தது, சொருகினால் திரையில் எதுவும் இல்லை, ஸ்பீக்கரில் 'கர்ர்ர்' மட்டும். வீடியோ சிக்னல் ஆடியோ காலில் விழுந்தால் இப்படித்தான் கத்தும்.

அந்தக் குட்டி பிளக்கில் மூன்று கறுப்புக் கோடுகள், நான்கு உலோகப் பகுதிகள். எந்தப் பகுதியில் எந்த நிறம் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மல்டிமீட்டரை பீப் அடிக்கும் நிலையில் வைத்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். என் கேபிளில் நுனியில் வெள்ளை, அடுத்த வளையத்தில் மஞ்சள், அதற்கடுத்தது எர்த், அடிப்பகுதியில் சிவப்பு. என் டிவிக்கு எர்த் அதே இடம்தான், ஆனால் வீடியோ அடிப்பகுதியில் வர வேண்டும். எர்த் ஒத்துப்போனதால் கேபிளை மாற்றத் தேவையில்லை. விசிஆரின் மஞ்சள் ஓட்டையில் சிவப்பு பிளக்கைச் சொருகினேன், படம் வந்துவிட்டது. வெள்ளை அதே இடம். மிஞ்சிய மஞ்சள் பிளக் வலது ஆடியோவுக்கு. எர்த்தே வேறு வளையத்தில் இருந்தால் நிறத்தை எப்படி மாற்றினாலும் நடக்காது, 120 ரூபாய் கொடுத்து வேறு கேபிள்தான் வாங்க வேண்டும்.

விசிஆரின் சத்தத்தை டிவிக்கு விடாமல் வெள்ளை, சிவப்பு கேபிளில் நேராக ரிசீவருக்கே கொடுத்துவிட்டேன். நாதஸ்வரம் நன்றாகக் கேட்கிறது. படம் 55 இன்ச்சில் பூதாகாரமாகக் கலங்கித் தெரிகிறது, அதற்கு யாரும் ஒன்றும் செய்ய முடியாது. 4:3-ஐ இழுத்து அகலமாக்காமல் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டையோடு விடுவது மேல், இல்லையென்றால் மாப்பிள்ளை வீட்டார் எல்லாரும் குண்டாகிவிடுகிறார்கள்.

செலவு

ஆப்டிகல் கேபிள் இரண்டு, 560 ரூபாய். முதல் எக்ஸ்ட்ராக்டர் 900, இரண்டாவது 2,300. 1.5 மீட்டர் எச்டிஎம்ஐ கேபிள் 350. கான்டாக்ட் கிளீனர் 320. பிளக் 60. பின் ஸ்பீக்கருக்கு 20 மீட்டர் ஒயர் 700. ஆக மொத்தம் 5,190. முதல் எக்ஸ்ட்ராக்டரைக் கழித்தால் 4,290-இல் முடித்திருக்கலாம்.

மறுபடி செய்வதாக இருந்தால் எச்டிஎம்ஐ சுவிட்சும் எக்ஸ்ட்ராக்டரும் ஒரே பெட்டியில் உள்ளதாக வாங்குவேன். மூன்று நான்கு உள்ளீடு உள்ளவை கிடைக்கின்றன, எல்லாச் சாதனமும் ஒரே ஆப்டிகலில் போய்விடும். அதிலும் அந்த 5.1 சுவிட்ச் இருக்க வேண்டும். ரிசீவரே இல்லாமல் செகண்ட்ஹேண்டில் தேடுகிறவர்கள் பின்பக்கத்தில் எச்டிஎம்ஐயைப் பார்த்ததும் ஏமாற வேண்டாம். ஆரம்பகால எச்டிஎம்ஐ ரிசீவர்கள் சிலவற்றில் அது படத்தைக் கடத்திவிட மட்டும்தான், சத்தத்தை அதிலிருந்து எடுக்காது. கடைசியில் அவர்களும் ஆப்டிகல் கேபிள்தான் வாங்குவார்கள். டால்பியை ஆறு சேனலாகப் பிரித்தெடுக்கும் டிகோடர் இல்லாத அசெம்பிள் 5.1 ஆம்ப்ளிஃபையர் வைத்திருப்பவர்களுக்கு எக்ஸ்ட்ராக்டருக்குப் பிறகு ஆப்டிகலை ஆறு ஆர்சிஏவாகப் பிரிக்கும் 5.1 டிகோடர் ஒன்றும் கூடுதலாக வேண்டும். மற்ற வேலையெல்லாம் இதே வரிசைதான்.

பென் டிரைவில் உள்ள டிடிஎஸ் படங்கள் இன்னும் பாக்கி. டிவியில் சொருகினால் படம் மட்டும் ஓடுகிறது, டிவிக்கு டிடிஎஸ் தெரியாது. ரிசீவருக்குத் தெரியும். டிடிஎஸ்ஸைப் பிரிக்காமல் அப்படியே அனுப்பும் பிளேயர் ஆப் ஒன்றை ஸ்டிக்கில் போட்டுப் பார்க்க வேண்டும். அதற்கு எக்ஸ்ட்ராக்டர் சொல்லும் பதிலில் டிடிஎஸ்ஸும் இருக்க வேண்டும். அக்கா மகன் லீவுக்கு வரும்போது பிஎஸ்5 கேம் பெட்டி கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறான். அதில் ஆப்டிகல் கிடையாது, எக்ஸ்ட்ராக்டர் வழியாகத்தான் வர வேண்டும். அதன் ஆடியோ அமைப்பில் லீனியர் பிசிஎம் இருக்கும் இடத்தில் டால்பியை வைத்தால் விளக்கு எரியும். ஆனால் இந்தப் பெட்டி 4கேயில் 60 ஹெர்ட்ஸுக்கு மேல் விடாது. 120 வேண்டும் என்றால் அவன் நேராக டிவியில் சொருகிக்கொண்டு டிவி ஸ்பீக்கரில்தான் விளையாட வேண்டியிருக்கும்.